ரஸ்தாபாரி மேளக்காரரைத் தேடிப் போனது

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரொறன்ரோவில் மானிடவியல் படித்துக்கொண்டிருந்தேன். கள ஆய்வுக்கு ரஸ்தாபாரி மக்களைத் தேர்ந்தெடுத்தேன். ஜமேக்காவில் பிறந்த சமயம் அது. எதியோப்பியப் பேரரசர் ஒருவரை இறைவனின் வடிவமாகக் கொள்பவர்கள். தலைமயிரை வெட்டாமல் சடையாக வளர்ப்பவர்கள். எக்ளின்ரன் வீதியின் மேற்குப் பக்கத்தில் அவர்களுடைய கடைகள் சில இருந்தன. நகரின் மறுபக்கம் வெக்ஸ்போர்ட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்த எனக்கு அங்கே போய்ச் சேர பஸ்ஸும் ரயிலுமாக ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உலகத்தில வேற சனம் இல்லையே? உவையள் கஞ்சா பத்துற ஆக்கள் எண்டு கடையில கதைக்கினம்."

"எங்களைப் பற்றியும் கடையில எத்தினையோ கதைக்கினம், அண்ணி."

அவர் குசினிக்குள் போனார். மத்தியானச் சாப்பாட்டைக் கட்டி என் பைக்குள் வைத்தார்.

நான் தேடிப்போனவர் மேளம் செய்து விற்பவர். ஐம்பது வயதிருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை நூலால் பின்னிய பெரிய தொப்பிக்குள் சடையைச் சுருட்டி வைத்திருந்தார். நான் கேள்வித்தாளை எடுத்ததும் கையை உயர்த்தி மறித்தார்.

"முன்பும் உன்னைப் போல் சிலர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியதை ஒருவரும் கொண்டுவந்து காட்டவில்லை" என்றார்.

ஆனால் போகச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். அவர் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். கேள்விகளை அவரே கேட்டார். ஏன் ஊரை விட்டு வந்தாய், இறைச்சி தின்பாயா, உங்கள் கடவுளுக்கு என்ன நிறம். நீலமும் உண்டு, பச்சையும் உண்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐந்தாவது சனிக்கிழமை ஒன்றைக் கவனித்தேன். அவர் பேசும் ஆங்கிலத்தில் 'நாங்கள்' என்று பொருள்படும் சொல்லே வருவதில்லை. அந்த இடத்தில் 'நானும் நானும்' என்பார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்குள் இருக்கும் இறைவன்தான் உனக்குள்ளும் இருக்கிறார். பிறகு நீ எப்படி வேறு ஆளாவாய்? நீயும் ஒரு நான்."

"எங்கள் மொழியில் அதற்கு இரண்டு சொல் இருக்கிறது" என்றேன். "கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். சேர்க்காமல் சொன்னால் நாங்கள்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்."

சொன்னேன். உதட்டை மூடி 'நாம்' என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

"வீட்டில் எதைச் சொல்வீர்கள்?"

"யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான்" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த சிறு மேளங்கள் அதிர்ந்தன. "அப்போது நல்ல சொல்லை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்." சிரித்து முடித்துவிட்டு, "உங்கள் மேளத்தை நான் கேட்கவேண்டும்" என்றார்.

பஸ் தரிப்புவரை ஓடினேன். வீடு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அண்ணனிடம் கேட்டேன். றிச்மண்ட் ஹில் கோயிலில் அப்போது திருவிழா நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, காரில ஏத்திக்கொண்டு போவம்" என்றார். இரண்டு நாள் கழித்து மேளக்காரரைக் கடையில் ஏற்றிக்கொண்டோம். தொப்பி காரின் கூரையில் இடிக்க, முன் ஆசனத்தில் அவர் வழியெல்லாம் குனிந்தபடி வந்தார். பின்னால் என் பக்கத்தில் அண்ணி மடியில் அர்ச்சனைத் தட்டத்தோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் வாசலில் அவர், "நான் கும்பிட வரவில்லை, கேட்க வந்தேன்" என்று அண்ணனிடம் தெளிவாகச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தூணோரம் நின்றார். தவில் தொடங்கியது. அவருடைய வலதுகை தானாகவே தொடையில் தட்டத் தொடங்கியது. கணக்குத் தவறி நின்றது. மறுபடி பிடித்தது. மறுபடி தவறியது.

பூசை முடிந்ததும் தவில்காரரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"இவர் ஆர் பிள்ளை, சாமியாரோ?"

"இல்லை அண்ணை, இவரும் மேளக்காரர்."

தவில்காரர் வலதுகையை நீட்டினார். தவில் தட்டுவதற்காக விரல்களில் மாட்டியிருந்த கெட்டியான கூடுகளை இவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒருவருக்கு ஆங்கிலம் வராது, மற்றவருக்குத் தமிழ் வராது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோது தவில்காரர், "நீ சும்மா இரு" என்றார். அரை மணித்தியாலம் ஒருவர் தட்ட மற்றவர் திருப்பித் தட்டினார். சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். அண்ணி எங்கிருந்தோ இரண்டு கோப்பை மோர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அவர் முன் ஆசனத்திலிருந்து தலையைத் திருப்பி, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் நானும் கூடும் கூட்டம். பெண்கள் தலையை மூடவேண்டும், நீயும் மூடிக்கொண்டு வா. ரேப் ரெக்கோடர் வேண்டாம்" என்றார்.

அண்ணியின் கறுப்புச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு மண்டபத்தின் பின் அறையில் முப்பது பேர்வரை இருந்தார்கள். மூன்று அளவில் மேளங்கள். பெரியதை அவர் மடியில் சாய்த்து வைத்து, துணி சுற்றிய கோலால் அடித்தார். அடி மெதுவாக, சீராக வந்தது. சிறிய மேளம் அதன்மேல் துள்ளி ஓடியது. எல்லோரும் பாடினார்கள். பக்கத்தில் நின்ற பெண் என் முழங்கையைத் தட்டி, பாட்டின் வரிகளை எனக்காக மெதுவாகச் சொல்லித் தந்தார். மூன்று மணித்தியாலம் நின்றேன். கால் வலித்தது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் எழுதியதில் இருபது பக்கம் தேறியது. ரைப் செய்து, பேராசிரியரிடம் கொடுப்பதற்கு முன் மேளக்காரரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்து, நாலு இடத்தில் 'அவர்கள்' என்றிருந்ததைப் பென்சிலால் வெட்டி, மேலே ஆங்கில எழுத்தில் 'நாம்' என்று எழுதினார்.