மைனஸ் பெருக்கல் மைனஸ்

மாணவனாக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது வினோதாவுக்கு என் ஞாபகம்தான் வந்திருக்கிறது. கணக்கில் நான் எவ்வளவு மட்டம் என்பது பலேர்மோத் தமிழர் அத்தனை பேருக்கும் தெரியும் போல!

இந்தக் கோடையின் தொடக்கத்தில் நடந்த கதை இது. வினோதா எங்களுக்கு மேல் மாடி. சிறுமியாக இங்கே வந்து, இங்கேயே கணிதத்தில் பட்டம் வாங்கியவள். வாங்கி? ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் நின்றாள்.

இத்தாலியில் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியராகிவிட முடியாது. அதற்குமேல் தனியாக ஒரு பயிற்சி இருக்கிறது. மாலை வகுப்புகள், பள்ளியில் போய்ப் பழகும் நாட்கள், கடைசியில் தேர்வுக் குழுவுக்கு முன்னால் ஒரு மாதிரிப் பாடம். தலைப்பு தேர்வுக்கு முந்தின நாள்தான் கையில் கிடைக்கும்.

பள்ளிப் பயிற்சியும் ஹோட்டல் ஷிஃப்டும் மோதிக்கொண்டன. மேனேஜர், “இரண்டில் ஒன்று” என்றார். வினோதா வேலையை விட்டாள். துறைமுகத்தில் வேலை செய்யும் அவள் கணவன் குகன், “ஃபெயிலானா?” என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்ததாம்.

தலைப்பு வந்த அன்று மாலை எங்கள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று பாடம் நடத்தினாள். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். ஸ்லைடெல்லாம் அழகுதான்.

“ஏன் பிள்ளை?” என்றேன்.

“அது விதி அண்ணை.”

“ஆர் போட்ட விதி?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. நாளைக்கு எக்ஸாம்.”

“பகிடி இல்லை. உண்மையாவே எனக்கு விளங்கேல்லை.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. “எனக்கு விளங்கினது வேறை, விளங்கப்படுத்திறது வேறை... நான் பாஸாக மாட்டன் அண்ணை.”

என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வினோதா குடிக்கவில்லை. போனைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தாள். தன் மகளுக்குக் காட்ட அவள் துறைமுகத்தில் எடுத்த வீடியோ ஒன்று ஓடியது. பெரிய கப்பல் ஒன்று பின்புறமாக வந்து கரையோடு அணைகிறது.

திடீரென்று எழும்பினாள்.

“அண்ணை, கப்பல் எந்தப் பக்கம் போகுது?”

“பின்னாலை.”

“அது மைனஸ். இப்ப வீடியோவைத் தலைகீழா, முடிவிலையிருந்து ஓட விடுறன். அதுவும் மைனஸ். பாருங்கோ!”

கப்பல் ஜம்மென்று முன்னால் போனது.

“பிளஸ்!” என்று நானும் மனைவியும் ஒன்றாகக் கத்தினோம். இந்த வயதில்!

மறுநாள் தேர்வுக் குழுவில் ஓர் அம்மையார், இங்கே சினியோரா என்பார்கள், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார் — ஏன்? வினோதா வீடியோவை ஓட்டிக் காட்டினாள். சினியோரா, “இன்னொரு தடவை போடுங்கள்” என்றார்.

பாஸ்.

தேர்வு மண்டப வாசலில் நின்ற குகன் அன்றுதான் அழுதான். “ஃபெயிலானா என்ன செய்யிறதெண்டு ஒவ்வொரு நாளும் யோசிச்சனான்” என்றானாம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு பட்டம் போதும். அது தெரியாதவன் பக்கத்தில் போய் உட்காருவதற்குத்தான் இன்னொரு பயிற்சி தேவைப்படுகிறது... இல்லையா?

போன திங்கட்கிழமை, நகரின் ஓரத்தில் சியாகுல்லிப் பக்கம் ஒரு பள்ளியில், தற்காலிக ஆசிரியராக அவளுக்கு முதல் நாள். வாசலில் இருந்தவர் மறித்து, “எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்னனீ?” என்றேன்.

“கூட்டிக்கொண்டு போக வரேல்லை, பிள்ளையளை மத்தியானம் ஒரு மணி வரைக்கும் போகவிடாமல் வைச்சிருக்க வந்தனான் எண்டு சொன்னன் அண்ணை!”