ஸ்லாஷ் அக்கா

“ஒரு தடவைதான் சொல்லுவேன். அப்புறம் ‘என்ன சொன்னே’ன்னு கேக்கக் கூடாது.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு வெப்சைட் முகவரியைச் சொல்கிறார் ஸ்லாஷ் அக்கா. எழுத்துக்கூட்டுவதில்லை, நிறுத்தி நிதானிப்பதும் இல்லை. கடைக்காரரிடம் சாமான் கேட்கிற வேகம். மறுமுனையில் இருப்பது அவருடைய தங்கை. தையல் கூடத்தில் வேலை. வரிசையாக மெஷின்கள் கடகடக்கும் அந்த இரைச்சலில், காதில் விழுந்ததைக் கழிவுத் துணி மேல் சாக்குக்கட்டியால் எழுதித் திருப்பிப் படிக்க வேண்டும். பிசகில்லாமல் படித்துவிட்டால் முகவரி தேறியது. “நடுவுல என்னக்கா அது, மேல் கோடா கீழ் கோடா?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தது, வேறு முகவரி யோசிக்க வேண்டியதுதான்.

பிளம்பர், பூட்டுச் சாவி செய்பவர், ஏசி மெக்கானிக், கரையான் மருந்து அடிப்பவர் என்று ஊருக்குள் வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர்களுக்கு வெப்சைட் போட்டுத் தருவது அவர் தொழில். அதை எத்தனையோ பேர் செய்கிறார்கள். மற்றவர்கள் கடைசியில் அவசரமாக முடிக்கிற ஒரு காரியத்தில்தான் இவர் முதலில் உட்காருவார். வெப்சைட் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டுப் போட்டு வால்போல நீளுமே, அதை எப்படி அமைப்பது, எந்தச் சொல் முன்னால், எந்தச் சொல் பின்னால் என்பது. “ஸ்லாஷ் எங்க போடணும்னு தெரியாம சுவரு எழுப்பாதீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஸ்லாஷ் அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவரைவிட வயதில் மூத்த கரையான் மருந்துக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மூன்றாம் மாடியில் வீடு, வீட்டில் ஓர் அறை ஆபீஸ். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் யோசிப்பது பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்கு முன்னால் நின்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிளிப். முகப்புப் பக்கம் கொடியில் நேராகத் தொங்கும். அதன் வாயில் இன்னொரு கிளிப் என்றால் அது உள்ளே போகிற பக்கம். அதற்கும் கீழே இன்னொன்று தொங்கினால் முகம் சுளிப்பார். “இவ்ளோ படி எறங்கி யாரு வருவா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பிடுங்கி மேலே மாட்டுவார். அவருடைய கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். துவைத்த சட்டையைக் கையில் பிடித்தபடி, “கரையான் மருந்தைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?” என்று கிளிப்புக்கு அனுமதி கேட்டு நிற்பார். பல நாள் கிடைக்காது.

இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒரு கூரியர் கம்பெனியில் பார்சல் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தவர். அரைகுறை விலாசங்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் பேச்சில் தெறிக்கும். முகவரிக்குள் வருஷத்தைப் போடச் சொன்ன ஏசி மெக்கானிக்கிடம், “அடுத்த வருஷம் வீட்டு நம்பரை மாத்துவீங்களா?” என்று கேட்டார். மெக்கானிக் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு எந்த வேலையையும் முடித்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. கேட்டால் கோபம் வேறு வரும்.

பிளம்பர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தது அப்படியொரு தாமத காலத்தில்தான். முன்பு வெப்சைட் போட்டுக் கொடுத்த ஆள், ஊரிலுள்ள ஒரு பேட்டை விடாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போட்டிருந்தான். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். பேட்டையின் பெயர் மட்டும் வேறு. அழைப்புகள் வராமல் இல்லை. எங்கெங்கிருந்தோ வந்தன. பிளம்பரும் வேனை எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் வேறு யாராவது வந்து குழாயை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அன்று மாலையே வெப்சைட்டில் வசவு ஏறும்.

“போன் அடிச்சா தலகாணிக்கடியில வச்சுடலாமான்னு இருக்கு அக்கா,” என்றார் மனைவி. அழைப்புகளை எடுப்பவர் அவர்தான். “‘வந்துட்டே இருக்காரு, வந்துட்டே இருக்காரு’ன்னு எவ்ளோதான் பொய் சொல்றது?”

பிளம்பரின் கவலையோ வேறு. “பக்கத்து ஊரையும் சேர்த்துப் போட்டுடுங்க மேடம். பேருதானே, போட்டா என்ன கொறைஞ்சுடும்?”

ஸ்லாஷ் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்கண்ணே, பக்கத்து ஊரு வேணாம், உங்க பட்டியல்லயே தூரமா ஒரு எடம் இருக்குல்ல, அங்க போலாம்” என்று கிளம்பிவிட்டார். ஆபீஸ் விடுகிற நேரம். பின்னால் குழாய்கள் கலகலக்க வேன் பாலத்தருகே நெரிசலில் சிக்கி நின்றது; நின்றதுதான்.

“இப்ப நான் வீட்டுக்காரி. சமையலறைக் குழாய் பிச்சுக்கிச்சு. எங்க இருக்கீங்க?” என்றார் ஸ்லாஷ் அக்கா.

“பாலத்துக்கிட்ட மேடம்,” என்றார் பிளம்பர் சிரித்துக்கொண்டே.

சற்றுப் பொறுத்து, “ஹாலுக்குத் தண்ணி வந்துடுச்சு. எங்க இருக்கீங்க?”

“அதே பாலந்தான்.”

“மெத்தை நனையுது. பிள்ளையக் கட்டில் மேல தூக்கி உக்கார வச்சிருக்கேன். எங்கண்ணே இருக்கீங்க?”

பிளம்பருக்குச் சிரிப்பு வரவில்லை. “விடுங்க மேடம்” என்று மட்டும் சொல்லி, வழி கிடைத்த இடத்தில் வேனைத் திருப்பினார்.

மறுநாள் கொடிக்கு முன்னால் மூவரும் நின்றார்கள். பிளம்பர் பேட்டைகளின் பெயர்களைத்தான் முதல் கிளிப்பாக மாட்டப் போனார். ஸ்லாஷ் அக்கா அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“அண்ணி, நீங்க சொல்லுங்க. போனை எடுத்ததும் அவங்க வாயில மொதல்ல வர்றது என்ன? ஏரியாவா, பிரச்சனையா?”

அவர் யோசிக்கவே இல்லை. “பிரச்சனைதான் அக்கா. ‘ஒழுகுது, ஓடி வாங்க’ம்பாங்க. எங்கன்னு நாம கேட்டாத்தான் சொல்லுவாங்க.”

“அப்போ அதுதான் முன்னாடி.”

சாவி செய்பவருக்கு இதே கொடியில் தலைகீழாக மாட்டியிருந்தார். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவன் முதலில் ‘எங்கே நிற்கிறேன்’ என்பதைத்தான் சொல்வான் என்பது அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டது. எல்லாத் தொழிலுக்கும் ஒரே அச்சில் முகவரி வார்த்துக் கொடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பிளம்பருக்கு ‘குழாய் ஒழுகல்’, ‘சாக்கடை அடைப்பு’ என்று வேலையின் பெயர் முன்னால் வந்தது. பின்னால், தண்ணீர் ஹாலுக்கு வருமுன் அவரால் போய்ச் சேர முடிகிற இடங்கள் மட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் என்ன எழுதுவது என்பதை மனைவி மடமடவென்று சொன்னார். இந்தக் காலனியில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது, அந்தத் தெருவில் இரும்புக் குழாய் துருப்பிடித்துப்போயிருக்கும் என்று. இத்தனை நாள் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் பக்கம் பக்கமாகப் பயன்பட்டது.

பழைய தூரத்துப் பக்கங்களைத் தேடி வருகிறவர்களையும் அவர் நடுத்தெருவில் விடவில்லை. அந்த முகவரிகளுக்குப் போனால், ‘உங்கள் பகுதிக்கு எங்களால் சீக்கிரம் வந்து சேர முடியாது. அருகில் இருப்பவரை அழையுங்கள்’ என்று வரும்படி செய்தார். பிளம்பர் அதைப் படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு போன் ஓய்ந்தது. தூரத்து அழைப்புகள் நின்றுபோயின. கிட்டத்து அழைப்புகள் வந்தபாடில்லை. ஒரு வாரம் பொறுத்த பிளம்பர் அடுத்த வாரம் கத்தினார். “ஏம்மா, ஓடிட்டிருந்த குழாய மூடிட்டியேம்மா! குடும்பத்தோட நாங்க எங்க போறது?”

“திட்டுங்கண்ணே, கேட்டுக்கறேன். ஆனா பழையபடி போட மாட்டேன். தேடுறவங்க கண்ணுல பட கொஞ்சம் நாளாகும்.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கணவரின் போனை வாங்கி, எதிர்வீட்டுக்காரியின் போனை வாங்கி, குழாய் ஒழுகுவதாகத் தேடிப் பார்ப்பார். பிளம்பரின் பக்கம் எங்கோ அடியில் கிடக்கும். “அந்த ஆளு கேக்கறதப் போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரேன்” என்றார் கணவர்.

“போட்டுக் குடுத்துடலாம். அந்தம்மா மறுபடியும் பொய் சொல்லிட்டு உக்காரணும்.” போனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் நெனைச்சது தப்பா இருந்தா?” என்றும் கேட்டார்.

ஒரு காலை நேரம், தோசைக் கரண்டியைக் கையில் வைத்திருந்தபோது பிளம்பரின் மனைவி அழைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

“அக்கா, எங்க பின்னாடி தெருவுலேர்ந்து கூப்பிட்டாங்க! வருஷக்கணக்கா அங்கதான் குடியிருக்காங்களாம், இப்படி ஒரு பிளம்பர் இருக்கறதே தெரியாதாம். இவரு வேனக்கூட எடுக்கல. பைய தூக்கிட்டு நடந்தே போயிட்டாரு. நான் ‘வந்துட்டே இருக்காரு’ன்னு சொல்லி முடிக்கல, அந்தம்மா போன்லயே ‘வந்துட்டாரு, வந்துட்டாரு’ங்கறாங்க! பொய் இல்லாம இந்த வார்த்தைய நான் சொல்லி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நேத்தும் காலனிலேர்ந்து ரெண்டு பேரு அக்கா, இவரு உங்ககிட்ட வந்து நேர்ல மன்னிப்புக் கே… ஐயோ, இன்னொரு லைன் வருது!”

பட்டென்று தொடர்பு அறுந்தது.

“யாரு? பாதியில வச்சுட்டாங்களா? திட்டறாங்களா?” என்று உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

ஸ்லாஷ் அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சத்தம் போடாதீர்கள் என்று கரண்டி பிடித்த கையை அவர் பக்கம் உயர்த்திக் காட்டிவிட்டு, அந்த இன்னொரு லைன் காதில் விழுந்துவிடும் என்பதுபோல, ஒன்றுமே கேட்காத அந்தப் போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.