கல்யாணத்துக்கு அமெரிக்கத் துக்கப் பாட்டு

கிராமபோன் ரெக்கார்டு கடையில் வேலைக்கு நின்றவர்களுக்குத் தெரியும்: பாட்டை விற்பது சுலபம், அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டு விற்பதுதான் கஷ்டம். அறுபதுகளில் கோயமுத்தூரில் நான் அப்படி நின்றவன். எங்கள் முதலாளி ஒருதரம் பழைய அமெரிக்க நாட்டுப்பாடல் ரெக்கார்டுகள் ஒரு கட்டு தருவித்தார். எந்தப் பாட்டு எங்கே பிறந்தது, யார் பாடியது என்று உறையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாங்கியவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. நான் படித்தேன். பிடித்தது சனியன்.

ரிசப்ஷனுக்கு

பெருந்துறை மில்காரர் ஒருவர் மகள் ரிசப்ஷனுக்கு இங்கிலீஷ் பாட்டு கேட்டார். போட்டுக் காட்டினேன். துள்ளல் மெட்டு. தாளம் போட்டபடி, "கட்டுங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைய வித்துப்போட்டாங்கன்னு ஒரு அடிமைத் தாய் பாடினதுங்க. அழுதா சவுக்கடின்னு அழுகைய இந்த மெட்டுல ஒளிச்சு வெச்சிருக்கறாங்க" என்றேன். அவர் தாளம் போடுவதை நிறுத்தினார்.

"இங்கிலீஷ்லதானுங்களே அழுகறாங்க? எங்க சம்பந்திக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. கட்டுங்க."

ஆண்டு விழாவுக்கு

அடுத்து காரமடையிலிருந்து ஒரு டீச்சரம்மா, குழந்தைகள் டான்ஸுக்கு. அவர் எடுத்தது, காலில் சங்கிலி போட்ட கைதிகள் கல் உடைக்கும்போது பாடியது. 'மாப்பிள்ளை வருகிறான்' என்று பாடினால் காவல்காரன் வருகிறான் என்று அர்த்தம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படிங்களா! ஆளுக்கொரு அட்டைச் சம்மட்டி குடுத்துப்போட்டா ஸ்டெப்பு நல்லா அமையுமுங்க!"

முதலாளியின் கேள்வி

மூன்றாவதாக வந்தவர் அர்த்தத்தைக் கேட்டுவிட்டு வாங்காமலே போனார். முதலாளி பார்த்துவிட்டார். எனக்கோ வீட்டில் கைக்குழந்தை, வேறு வேலை கிடையாது.

"ஏனுங்க, நீங்க பாட்டு விக்கறீங்களா, எழவு சொல்றீங்களா? இனியொருக்கா அர்த்தம் சொன்னீங்கன்னா வேற எடம் பாத்துக்கங்க."

மழைக்கு ஒதுங்கியவர்

ஒரு மத்தியானம் நல்ல மழை. பருத்தி ஜின்னிங் ஃபேக்டரியில் வேலை செய்யும் அன்னூர் அம்மாள் ஒருவர் கடை வாசலில் ஒதுங்கினார். தலையெல்லாம் பஞ்சு. உள்ளே, பருத்திக் காட்டில் அடிமைகள் பாடிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இது என்ன பாட்டுங்க?" என்று கேட்டார். முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்தார்.

"ஜாலிப் பாட்டுங்க அம்மணி" என்றேன். அந்த அம்மாள் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார்.

"பொய் சொல்றீங்க. குனிஞ்சு வேல செய்யறவங்க பாட்டுங்க இது. அடிக்கு அடி மூச்சு வாங்குதுங்களே, உங்களுக்குக் கேக்கலீங்களா?"

மில்காரர் மேலும் டீச்சரம்மா மேலும் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான், ஆனால் அப்படிப்பட்ட பாட்டை ஜாலிப் பாட்டு என்று சொன்னவன் நான் ஒருவன்தான்.