குடோனுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

போன சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு லாரியிலிருந்து மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கு வாடையும் காரமும் மூக்கில் ஏற, மீன் வாங்க வந்ததை மறந்து ரயில் ஏறிவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். உட்லண்ட்ஸ் வரைக்கும் போய், எல்லை தாண்டி மலாய்க்காரர் ஊரான ஜொகூருக்குப் போகும் பாலத்தை நோக்கி நகரும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினேன். இது முதல் தடவையும் இல்லை.

அது குடோன் வாடை. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த குவீன்ஸ்டவுன் சரக்குக் கம்பெனியில் மாடியில் ஆபீஸ், கீழே குடோன். அப்போது என் ஆங்கிலம் படுமோசம். மேனேஜர் கூப்பிடுகிறார் என்றால் கழிவறைக்குள் போய் நின்றுகொள்வேன். என்னைக் காப்பாற்றியது பக்கத்து மேஜை மரியம். தினமும் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருவாள். அத்தா தமிழர், அம்மா மலாய்க்காரர். அத்தாவிடம் மட்டும் பேசிப் பழகிய தமிழ். கொஞ்சம் கோணல், பேச்சு முடிவில் ஒரு மலாய் 'லா', ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் தடித்த ஆங்கில அகராதி ஒன்றை அவள்தான் பழைய புத்தகக் கடையில் பிடித்துவந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொல்லை எடுப்போம், எந்த ஊர்ச் சொல் என்று ஊகிப்போம், அப்புறம் பார்ப்போம். தமிழிலிருந்து போயிருந்தால் பக்கத்தில் பென்சிலால் 'த'. மலாயிலிருந்து போயிருந்தால் 'ம'. நம் கட்டுமரமும் சுருட்டும் அதில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒராங் ஊத்தான் குரங்கும், வெறிபிடித்து ஓடும் அமோக்கும் அவள் பக்கம்.

"பாத்தியா, அவங்களே நம்ம வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க லா. நீ எதுக்குப் பயப்படுறே?" என்றாள். அதற்குப் பிறகு மேனேஜர் அறைக்குள் நிமிர்ந்து போனேன்.

நிமிர்ந்ததோடு நின்றிருக்கலாம். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் தமிழ் என்று அடித்துப் பேச ஆரம்பித்தேன். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் குடோன் என்ற சொல் வந்தது.

"நம்ம கிடங்குதான். வேற என்ன?" என்றேன்.

"எங்கம்மா குடாங்னுதானே சொல்வாங்க. மலாய் லா," என்றாள் மரியம். அகராதி அந்த வாரம் அவள் வீட்டில் இருந்தது. "நாளைக்குக் கொண்டாறேன், பாத்துக்கலாம்."

ஒருநாள் பொறுக்க என்னால் முடியவில்லை. ஆபீஸே கேட்க, "பாதித் தமிழ வச்சிக்கிட்டு எங்கிட்ட பேச வராதே," என்று சொல்லிவிட்டேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் அகராதியை என் மேஜைமேல் வைத்தாள். "யூ கேன் கீப் இட்," என்றாள். அன்றிலிருந்து என்னிடம் ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் மிக மரியாதையான ஆங்கிலம். மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை. அகராதியைத் திறக்கவும் விடவில்லை. சில மாதங்களில் அவள் ஜொகூரிலேயே வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

பல வருடம் கழித்து, வீடு மாறும்போதுதான் குடோன் என்ற சொல் இருந்த பக்கத்தைப் புரட்டினேன். ஆங்கிலத்துக்கு மலாய் வழியாக வந்த சொல், மலாய்க்கு அநேகமாகத் தமிழிலிருந்தோ தெலுங்கிலிருந்தோ போயிருக்கலாம் என்று போட்டிருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்தில் 'த', 'ம' இரண்டும், சுற்றி ஒரே வட்டம். நான் அப்படிப் பேசின பிறகு போட்ட வட்டம் அது. வெட்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கம்பெனி இல்லை. குடோன் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அவளுடைய பழைய நம்பரை யாரும் எடுப்பதில்லை. எந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் போன் நொடியில் சொல்லிவிடுகிறது. பார்த்துவிட்டு, இருப்புக்கொள்ளாமல் எழுந்து நடக்கிறேன். என் ஆங்கிலத்துக்கு இன்று ஒரு குறையும் இல்லை. உட்லண்ட்ஸ் கூட்டத்தில் யாராவது கோணலாகத் தமிழ் பேசினால் மட்டும் திரும்பிப் பார்க்கிறேன். அத்தாவுக்கு என்று வைத்திருந்த தமிழில் எனக்கும் கொஞ்சம் கொடுத்திருந்தாள். அதை நிறுத்தியது நான்தான்.