முனிக்குத் தெளித்த சொட்டு

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு ஆடுகிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிகாரன் பெண்டாட்டி என்று என்னை யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல நான் விட்டதும் இல்லை.

இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டம். அங்கே தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், கொழுந்து அரைக்கும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் பெரிய சக்கரத்தை ரோதை என்போம். அதில் கையைக் கொடுத்தவர்கள் உண்டு. அதனால் ஸ்டோர் வாசலில் ரோதைமுனி என்று ஒரு சாமியை வைத்து, அவருக்குச் சாராயம் படைப்பார்கள்.

அந்த வழக்கம் ஸ்டோரோடு நிற்காமல் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்கும் வந்தது. சம்பளத்தன்று சாயங்காலம் அவர் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து சிரட்டையில் ஊற்றுவார். விரலை நனைத்து, "முனியே, கையக் காப்பாத்து" என்று தரையில் தெளிப்பார். பிறகு ஒரே மடக்கு. புறங்கையால் மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிவிட்டுக்கொள்வார். சத்தம் போடமாட்டார், கை நீட்டமாட்டார். எங்கள் மூத்தவன் எதிரில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பான். "நீ இதத் தொடவே கூடாது" என்று அவனுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டேதான்.

அவனுக்குப் பதினாலு வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்க லயத்துக்குப் பின்னால் போனேன். சவுக்கு மரத்தடியில் அவனும் அவன் வயசுப் பையன் ஒருவனும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன் அப்பா மிச்சம் வைத்த சாராயப் போத்தல். என் மகன் விரலை நனைத்தான். "முனியே, கையக் காப்பாத்து" என்று தெளித்தான். குடித்தான், இருமினான், பிறகு புறங்கையால் இல்லாத மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கினான்.

"என்னாடா தடவுற? அங்க இன்னும் ஒண்ணும் மொளைக்கல" என்றான் மற்றவன்.

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவனை அதட்டாமல் வீட்டுக்குத் திரும்பி, படுத்திருந்தவரை எழுப்பினேன்.

"எந்திரிங்க. ஒண்ணு காட்டணும்."

"என்னா, பாம்பா?"

"நீங்கதான். வந்து பாருங்க."

வந்து பார்த்தார். பையன் இரண்டாம் தரம் ஊற்றித் தெளித்துக்கொண்டிருந்தான். இவர் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். "யாருடா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

அவன் எழுந்து நின்றான். "சாமிக்கு விட்டுட்டுத்தாம்பா குடிச்சேன்."

எதிர்த்துப் பேசவில்லை அவன். பெற்றவளுக்குத் தெரியாதா? சாமிக்குக் கொடுக்காமல் குடிப்பதுதான் தப்பு என்று நினைத்திருக்கிறான். தொடாதே என்றது காதோடு போயிற்று. கண்ணால் பார்த்தது கையில் வந்துவிட்டது.

ஓங்கிய கை அடிக்கவில்லை. தன் மீசை வரைக்கும் போய், அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "இனிமே இங்க சாராயம் வந்தா, அப்பனும் மகனும் எதிரெதிரா ஒக்காந்து குடிங்க. நான் என் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"சாமி காரியம்…" என்று இழுத்தார்.

"சாமிக்குக் கோவம்னா எங்கிட்ட வரச் சொல்லுங்க."

அடுத்த சம்பளத்தன்று அதே இடத்தில் உட்கார்ந்தார். சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கி, பழக்கத்தில் விரலை நனைத்துத் தெளித்தார். எதிரில் இருந்த பையன் அதையும் பார்த்தான்.

அவர் அடியோடு விட்டார் என்று சொன்னால் பொய். ஸ்டோர்ப் பூசையில் குடிப்பார். ஓடையில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் லயத்துக்கு ஏறுவார். மகன் கண்ணில் மட்டும் பிறகு படவில்லை. அது ஒன்றே போதுமா என்று எனக்குத் தெரியாது. சொட்டுத் தொடாத அப்பன்களின் பிள்ளைகளும் தவறணைச் சாராயக் கடையில் விழுந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் மகன் விழவில்லை. அவனுக்கே இப்போது மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது.

போன மாதம் பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் கடையில் நானும் அவனும் தேத்தண்ணி குடித்தோம். அவன் விரலை நனைத்துத் தரையில் தெளித்தான். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பூச்சி விழுந்துருச்சா?"

"இல்ல நானா. எங்கப்பா பழக்கம்" என்றான் என் மகன்.