ஓட்டை விழுந்த ஐந்நூறு சி.சி. பிஸ்டன்

பெரிய டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிகள் ஏன் ஒழிந்தன என்று கேட்டால் இப்போது எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். புகை. சத்தம். அப்புறம், பிஸ்டன் தானாக உருகிவிடும். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது எங்கள் பக்கத்தில் எந்த வாயில் பிறந்தது என்று எனக்குத் தெரியும். பிறந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன்.

கடியப்பட்டணத்தில் எனக்கு எஞ்சின் ரிப்பேர் கடை. வள்ளத்துக்குப் பின்னால் மாட்டுகிற எஞ்சின்கள். எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஆயிலை மண்ணெண்ணெயிலேயே கலந்து கேனில் வைத்திருப்போம். சுனாமி கழிந்து நிவாரணத்தில் புது எஞ்சின்கள் வந்தபோது வேலை கூடியது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நாலு பேர் காற்று போன பக்கம் போக வேண்டியதுதான். அதனால் கரையில் மெக்கானிக்குக்குப் பேர்தான் எல்லாம். அது கெட்டால் கடையைப் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அந்த வண்டிக்காரர் எங்கள் கரை ஆள் இல்லை. மயிலாடிப் பக்கம் வீடு. வெகுகாலம் கல்ஃபில் இருந்தவர். திரும்பும்போது ஒரு வண்டியைப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். ஐந்நூறு சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். மண்ணில் பாய்வதற்கென்றே செய்தது. விளக்கு கிடையாது, ஹார்ன் கிடையாது. வயிறு பெருத்த சைலன்சர். செய்த கம்பெனி அப்போதே அந்த வண்டியை நிறுத்திவிட்டிருந்தது. இது அவருக்குத் தெரியாது. வாங்கின பிறகு நான்தான் சொன்னேன். நம்பவில்லை.

ஊரில் பைக் மெக்கானிக்குகள் பலர் இருந்தார்கள். அந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு ஒருத்தனும் கை வைக்கவில்லை. எல்லோரும் ஃபோர் ஸ்ட்ரோக் படித்துவிட்டு வந்தவர்கள். சட்டையில் அழுக்குப் படாமல் வேலை செய்கிறவர்கள். கடைசியில் என்னிடம் வந்தது.

வண்டியைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சரியாக உதைத்தால் கிளம்பும். தப்பாக உதைத்தால் திருப்பி உதைக்கும். அவரை இரண்டு முறை உதைத்தது. அதற்குப் பிறகு அவர் அதில் ஏறியதெல்லாம் போட்டோவுக்குத்தான். ஓட்டுவதற்குக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பால்வெட்டுக்காரனைப் பிடித்தார். விடியுமுன் ரப்பர் வெட்டிவிட்டு வந்து ஓட்டுவான். நல்ல ஓட்டக்காரன். பேச்சு கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது.

அறுத்த வயலில் ரேஸ். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆட்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பாதிக் கரை வயலுக்குப் போனது. நான் மீன் டெம்போவில் போனேன். டெம்போவின் பின்னால் ஒரு வள்ளக்காரருடைய கேன் கிடந்தது. நிறைய மண்ணெண்ணெய், ஆயில் கலந்தது. அவருடைய எஞ்சின் என் கடையில் சர்வீசில் இருந்தது. வேலை முடிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று எஞ்சினோடு கேனையும் கொடுத்துவிட்டிருந்தார். நான் அதை இறக்காமல் வந்துவிட்டேன். அது என் தப்பு. கேனில் இன்னது என்று எழுதவும் இல்லை. கரையில் யாரும் எழுதுவதில்லை. மூக்கு எதற்கு இருக்கிறது.

வண்டிக்கு என்று நான் தனியாகப் பெட்ரோலில் ஆயில் கலந்து வைத்திருந்தேன். மூன்று ஓட்டத்துக்குப் போதும். வண்டிக்காரர் காலையிலேயே அதைத் தீர்த்துவிட்டார். பால்வெட்டுக்காரனை உதைக்கச் சொல்லிக் கிளப்பி, நின்ற இடத்திலேயே முறுக்கி முறுக்கி, கல்ஃப் சிநேகிதர்களுக்குச் சத்தம் காட்டியிருக்கிறார். சிநேகிதர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். நான் அப்போது சாயா குடிக்கப் போயிருந்தேன். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரேஸ் தொடங்கியது. முதல் சுற்றில் வண்டி எல்லோரையும் விட்டுவிட்டு முன்னால் போனது. இரண்டாவது சுற்றில் சத்தம் மாறியது. தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். வரப்புக்கு ஓடினேன். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். புழுதியில் அவன் பார்க்கவில்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் செத்தது. முன்சக்கரம் குத்தி அவன் ஹேண்டில்பாருக்குமேல் பறந்து விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது.

ஆளைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றுவதற்குள் வண்டிக்காரர் மைக்கைப் பிடித்துவிட்டார். விழுந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆயில் கலந்ததில் கோளாறு, போட் எஞ்சின் மெக்கானிக்கை நம்பினது தன் தப்பு என்றார். பாதிக் கரை கேட்டுக்கொண்டு நின்றது.  திறந்து பார்க்காத எஞ்சினைப் பற்றிப் பேசுவது என் வழக்கமில்லை.

சாயங்காலத்துக்குள் கடையிலிருந்து மூன்று எஞ்சின்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் சண்டை போடவில்லை. அவசரமாக வேணும் என்றார்கள். ஒரு எஞ்சினுக்குக் கார்புரேட்டர்கூட மாட்டவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

திங்கள் காலை கேன்காரர் வந்தார். அறுபது வயது. என் அப்பாவோடு தொழில் செய்தவர். அவரும் எஞ்சினைக் கேட்டார். கண்ணைப் பார்க்காமல் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கேனைத் தூக்கினவர் நின்றார்.

“மக்கா, இது நிறைய இருந்துதே. பாதிதான் இருக்கு.”

நான் எஞ்சினை ஓட்டவே இல்லை என்றேன். அவர் கேனையும் என்னையும் பார்த்தார்.

அந்த நேரத்தில் வண்டிக்காரரே வந்து சேர்ந்தார். லாரியில் வண்டி, கூடவே சிநேகிதர்கள். எல்லோர் முன்னாலும் எஞ்சினைத் திறந்து தப்பைக் காட்ட வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல யோசனை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

முதலில் டாங்கின் குழாயைக் கழற்றி, மிச்சம் இருந்ததைச் சாயா கிளாசில் பிடித்தேன். கேன்காரரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை.

“இது எனக்க மண்ணெண்ணெயாக்கும்.”

கிளாஸ் கை மாறிப் போனது. மோந்தவன் எல்லாம் வண்டிக்காரரைப் பார்த்தான். கேன்காரர் கேட்டார்:

“நீரா ஊத்தினேரு?”

“பெட்ரோல் தீர்ந்துபோச்சு. பங்க் தூரம். அதுல ஆயில் கலந்துதானே ஓய் இருந்துது. போட்டும் டூ ஸ்ட்ரோக், இதும் டூ ஸ்ட்ரோக்.”

“அப்பம் உமக்க வண்டிய கடல்ல விட்டிருக்கலாமே,” என்றார் கேன்காரர்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேலை முடியவில்லை.

எஞ்சினின் மேல்மூடி ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டனின் தலையில் எலி கடித்ததுபோல ஓரம் எல்லாம் அரித்திருந்தது. நடுவில் விரல் நுழைகிற ஓட்டை. பிஸ்டனை வெளியே எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். ஆயில் குறைந்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் கீறும். இதில் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை, எண்ணெய் வழுக்கியது. மண்ணெண்ணெய் எங்கள் எஞ்சினில் பொறுமையாக எரியும். இதில் பிஸ்டன் இறுக்கி அமுக்குவதால் நேரம் தப்பி வெடிக்கும். வெடித்து வெடித்துத் தலையைத் தின்றுவிடும். இவ்வளவுதான் சொன்னேன். ஓட்டினவனுக்குத் தோள் எப்படி இருக்கிறது என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். தெரியாது என்றார்.

கேன்காரர் தன் எஞ்சினை மறுபடியும் என் ஸ்டாண்டில் மாட்டினார். “மத்தியானத்துக்குள்ள முடிச்சிரு மக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூன்று எஞ்சின்களும் மறுநாள் வந்தன. கார்புரேட்டர் இல்லாமல் கொண்டுபோனவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறக்கினான்.

வண்டிக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். பெரிய டூ ஸ்ட்ரோக்கே ஆகாது, வெயிலில் பிஸ்டன் தானாக உருகும், வெளிநாட்டிலேயே விட்டுவிட்டார்கள். இதை ரேஸ் நடத்துகிறவர்களிடம் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். அடுத்த அறுப்புக்குப் பெரிய டூ ஸ்ட்ரோக்கைச் சேர்க்கவில்லை. அவர் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினார். அதன் வால்வைச் சரிபார்க்க வண்டியை லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்புவார். ஒரு தடவை அனுப்ப மறந்தார். அதுவும் போயிற்று. அது தானாகப் போனது என்று யாரும் சொல்லவில்லை.

பால்வெட்டுக்காரன் தோள் கூடி மறுபடி ரப்பர் வெட்டப் போனான். ரேஸுக்கு வரவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டக் கூப்பிட்டதற்கு அது மாடு கத்துகிறதுபோல இருக்கிறது என்றானாம்.

நாலைந்து வருஷம் கழித்து வண்டிக்காரர் கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். ஐந்நூறை முன்வாசலில் நிறுத்தியிருக்கிறார், பாலிஷ் போட்டு. கல்யாணத்தன்று ஒரு தடவை கிளப்பிச் சத்தம் காட்ட வேண்டுமாம். பிஸ்டன் எங்கும் கிடைக்கவில்லை, பழையதை வெல்டிங் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

என் மேஜையில் பழைய பிஸ்டன்கள் வரிசையாக இருக்கும். கவிழ்த்து வைத்து உள்ளே திருகாணி, வாஷர் போட்டு வைப்பேன். அவருடையதும் இருந்தது. காலியாக. அதில் மட்டும் எதுவும் நிற்காது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஓட்டை வழியாகப் பார்த்தார்.

“இது எப்பிடிப் போச்சு ஓய்?” என்று கேட்டார்.

நான் வேலையைப் பார்த்தேன்.