மீனம்பாக்கத்தில் காதுகுத்து

எனக்குக் காது குத்தியது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏதோ கடையில் துப்பாக்கி வைத்துக் குத்தினார்களா என்று கேட்கிறார்கள். இல்லை. பத்தர் வந்து, ஜமுக்காளம் விரித்து, தேங்காய் உடைத்து, மாமன் மடியில் உட்கார வைத்து முறையாகக் குத்தியதுதான். இடம் மட்டும் கார் நிறுத்துகிற இடம். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மூன்றாம் வகுப்பு முடிகிற வரைக்கும் என் காதில் ஓட்டை கிடையாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வயதில் வெறும் காதோடு திரிந்த ஒரே பெண் நான்தான். பள்ளிக்கூடத்தில் என் பெயரை விட்டுவிட்டு 'மூளி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் சிலரைக் கிள்ளியும் ஒருத்தியைக் கடித்தும் இருக்கிறேன். அதற்காக டீச்சரிடம் அடி வாங்கியபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவின் பெண் இல்லையா நான்.

எங்களில் பெண் குழந்தைக்குத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு இருந்தது ஒரே மாமா, அம்மாவின் தம்பி. அவர் துபாயில் இருந்தார். துபாயில் இருந்தது பிரச்சினை இல்லை. கூரத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு துபாயில் இருந்ததுதான் பிரச்சினை. கூரம் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விட்டு வந்துவிடலாம். சாதிதான் தூரம்.

அம்மாவின் அப்பா, என் தாத்தா, எங்கள் தெருவின் மறுகோடியில் இருந்தார். மகனின் செருப்புக் கூட இந்தத் தெருவில் படக்கூடாது என்று அவர் நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டார். என் பெண்டாட்டியைக் கூப்பிடாத ஊரில் எனக்கென்ன வேலை என்று மாமாவும் எழுதிப் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே கோபம். அந்தப் பெண்ணின் பெயரை எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'கூரத்துக்காரி' என்பார்கள். என் காதில் அது 'கோரத்துக்காரி' என்று விழுந்ததால், நீளப் பல்லும் நீள நகமுமாக ஒரு உருவத்தை நானே கற்பனை செய்து வைத்திருந்தேன்.

எனக்கு ஐந்து வயதானபோது தாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பிடித்து, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று நாள் குறித்து, ஊரையும் கூப்பிட்டுவிட்டார். பத்தர் ஊசியை எடுக்கிற நேரத்தில் அம்மா வந்து என்னை அந்த மடியிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டாள். "சாப்பாடு தயாரா இருக்குது, எல்லாரும் சாப்புட்டுப் போங்க. காது குத்தறது என் தம்பி வர்ற அன்னிக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊர் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. தாத்தா அன்றோடு எங்கள் வீட்டு வாசல்படி மிதிப்பதை நிறுத்தினார்.

மாமா எப்போதாவது தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் செய்வார். பூத்துக்காரர் ஆள் அனுப்புவார், அம்மா ஓடுவாள், நான் பின்னாலேயே ஓடுவேன். நான்காம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையில் அப்படி ஒரு ஃபோன் வந்தது. மாமாவைக் கம்பெனி சிங்கப்பூருக்கு மாற்றியிருந்தது. துபாயிலிருந்து வருகிற விமானம் காலையில் மெட்ராஸில் இறக்கிவிடும், சிங்கப்பூர் விமானம் சாயங்காலம்தான். நடுவில் ஒரு பகல் முழுக்க ஏர்போர்ட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று மாமா சலித்துக்கொண்டாராம்.

அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "சும்மா உக்காரப்போற மடிதானே? என் பொண்ணை உக்கார வச்சிக்கோ. நான் பத்தரைக் கூட்டிக்கினு வர்றேன். உம் பொண்டாட்டியையும் கூட்டிக்கினு வெளியில வா."

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி தாத்தா வீட்டுக்குப் போய்விட்டது. மறைப்பதாக அம்மாவுக்கும் எண்ணமில்லை. மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக அழைக்கக் கிளம்பினாள். முதல் வீடு தாத்தா வீடு. தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேத்திக்குக் காதுகுத்து, மீனம்பாக்கத்தில், உன் பிள்ளை மடியில், வந்துவிட வேண்டும் என்று அம்மா அழைத்தாள். பேப்பர் இறங்கவில்லை. அம்மா பக்கத்து நாற்காலியில் வெற்றிலையை வைத்தாள். "நீ எடுத்துக்கினாலும் சரி, எடுத்துக்கலைன்னாலும் சரிப்பா. நான் வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஏர்போர்ட்டில் காதுகுத்து என்றால் சிரிக்க மாட்டார்களா. ஆனால் காதுகுத்து அன்றைக்கு வாடகை வேனில் பெண்கள் இடம் போதாமல் மடி மேல் மடியாக உட்கார்ந்து வந்தார்கள். ஏனென்றால் எங்கள் தெருவில் விமானத்தைப் பக்கத்தில் பார்த்தவர்கள் யாருமில்லை. தாத்தா வீட்டைத் தாண்டும்போது, "காதுகுத்துக்கு இல்லப்பா, ஏரோப்ளேன் பாக்கத்தான் போறோம்" என்று ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெல்லம் போட்டுக் கிளறிய காப்பரிசித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

அப்பா வரவில்லை. அப்பா பட்டு நெய்கிறவர், சண்டைக்காரர் இல்லை. வீட்டில் குரல் உயர்ந்தால் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிடுவார், பிறகு நாடா ஓடுகிற சத்தத்தில் எந்தக் கேள்வியும் அவருக்குக் கேட்காது. கிளம்பும்போது மட்டும் ஒரு மஞ்சள் பையை அம்மாவிடம் கொடுத்து, மச்சானுக்கு வேட்டி என்று சொல்லிவிட்டு மறுபடி தறிக்குப் போய்விட்டார்.

விமான நிலையத்துக்கு உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டுமாம். அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கார்கள் நிற்கிற இடத்தில் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் நிழலில் ஜமுக்காளத்தை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, ஊதுவத்தியைக் கொளுத்திவிட்டாள். போலீஸ்காரர் ஒருவர் லத்தியைத் தட்டிக்கொண்டு வந்தார். இதெல்லாம் இங்கே செய்யக்கூடாது, கோயிலா கிடைக்கவில்லை என்று கேட்டார்.

"என் தம்பிக்கு எங்க ஊர்ல கால் வைக்க எடமில்லபா. கவர்மென்ட்டு எடத்துலதான் எடம் இருக்குது. குத்தி முடிச்சதும் போயிடுவோம்" என்றாள் அம்மா. எழுந்திருக்கவும் இல்லை. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பிள்ளையாரைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் காப்பரிசி முதலில் வாங்கித் தின்றது அவர்தான்.

மாமா வந்தார். தள்ளுவண்டியில் மலை மாதிரி பெட்டிகள். அம்மாவைப் பார்த்ததும் அவர் அழ ஆரம்பிக்க, அம்மா அழவில்லை, நேரமாகுது உட்கார் என்று அதட்டினாள். வண்டிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். விமானத்தில் வாந்தி எடுத்துக் களைத்த முகம். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். பல்லும் சாதாரணப் பல்தான். எனக்குப் பெரிய ஏமாற்றம். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஆன்ட்டி" என்றேன்.

"ஆன்ட்டி என்னாடி ஆன்ட்டி. அத்தைன்னு கூப்புடு. நல்லா சத்தமா" என்றாள் அம்மா.

நான் தொண்டை கிழிய "அத்தை" என்று கத்தினேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் அப்போது விமானம் ஏதும் இல்லை. அத்தை ஜமுக்காளத்துக்கு வராமல், வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மாமாவால் இறுக்கமான பேன்ட்டில் சம்மணம் போட முடியவில்லை. அப்பா அனுப்பிய பட்டு வேட்டியை அதன் மேலேயே சுற்றிக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தார். பத்தர் என் காதில் மையால் புள்ளி வைத்தார். கையில் வெல்லக்கட்டி கொடுத்தார்கள். இத்தனை வருஷம் நான் ஏங்கிய காதுகுத்து. சத்தியமாகச் சொல்கிறேன், அது வலிக்கும் என்று யாருமே எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வலது காதில் தங்கக் கம்பி இறங்கியதும் நான் போட்ட கூச்சலில் டாக்சிக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மாமாவின் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடினேன். பெட்டி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இன்னொரு காதைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாரும் கெஞ்சினார்கள். மாமா சாக்லேட்டைக் காட்டினார். அம்மா அடிப்பேன் என்றாள். அடி என்றேன். ஒற்றைக் காதோடு ஊருக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அம்மாவின் முகம் அப்போதுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் வாடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மாமா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று விட்டால் பிறகு மாமா மடி எப்போது கிடைக்குமோ.

அத்தை என் பக்கத்தில் குனிந்தாள். வலிக்காது என்று மற்றவர்கள் மாதிரி பொய் சொல்லவில்லை.

"வலிக்கும்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆனா பாரு, அவங்க எல்லாரும் நம்ம ரெண்டு பேரையும்தான் பாத்துக்கினு இருக்காங்க. இவங்க எதிர்ல அழக்கூடாதுன்னு நான் ப்ளேன்லயே முடிவு பண்ணிட்டு வந்தேன். நீயும் அழாத. யாரு அழாம இருக்கறதுன்னு பாக்கலாமா, நீயா நானா?"

போட்டி என்று வந்தால் நான் விடுகிறவளா. அத்தையின் கையைப் பிடித்து ஜமுக்காளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, அவளை உட்கார வைத்து, அவள் மடியில் ஏறி உட்கார்ந்தேன். பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். மாமன் மடியில்தானே வழக்கம் என்று இழுத்தார். பெண்களும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள்.

"மாமன் மடி வேற, அத்தை மடி வேறன்னு தனித்தனியா கிடையாது. குத்துங்க பத்தரே" என்றாள் அம்மா.

குத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரில் இருந்த பெண்கள் ஒவ்வொருவரையும் முறைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆனால் என் கழுத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தாள். ஊசி எனக்கு, அழுகை அவளுக்கா? நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்று குதித்தேன்.

அதற்குப் பிறகுதான், காலி என்று நினைத்து மஞ்சள் பையை மடிக்கப் போன அம்மா, அடியில் இன்னும் ஏதோ கனக்கிறதே என்று கையை விட்டாள். அப்பா சொல்லாமலே ஒரு புடவையும் வைத்திருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. அம்மாவே கரையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு அதைப் பிரித்து அத்தையின் தோளில் போட்டாள். நெசவுத் தெருப் பெண்களால் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும், புதுப் புடவையைத் தொட்டுப் பார்க்காமல் மட்டும் இருக்க முடியாது. ஒருத்தி கரையைத் திருப்பிப் பார்த்தாள், ஒருத்தி உடலும் கரையும் சேர்கிற இடத்தை விரலால் நீவினாள், ஒருத்தி ஜரிகையைச் சரிபார்க்கிற சாக்கில் அத்தையின் தோளையே பிடித்துத் திருப்பினாள். ஏரோப்ளேன் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அத்தையைச் சுற்றி நின்றார்கள். தலைக்கு மேல் பெரிய சத்தத்தோடு ஒரு விமானம் போனது. நான் மட்டும்தான் பார்த்தேன்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் தாத்தா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, முகவாயைப் பிடித்துத் திருப்பி, இரண்டு காதையும் பார்த்தார். அம்மா கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து, எதற்கும் தயார் என்கிற மாதிரி நின்றாள்.

"அழுதியா?" என்று கேட்டார் தாத்தா.

"நான் ஒண்ணும் அழல. அத்தைதான் அழுதாங்க."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அம்மா என் வாயை மூடவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அழுதா அந்தப் பொண்ணு?" என்று தாத்தா கேட்டார். கூரத்துக்காரி என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"தோத்துட்டாங்க தாத்தா. யாரு அழாம இருக்கறதுன்னு எங்களுக்குள்ள போட்டி."

தாத்தா என் முகவாயிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரம் வாசல்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். காது பழுக்காமல் பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல். அப்புறம் திரும்பித் தெருவில் இறங்கி நடந்தார். அம்மா அவர் போவதைப் பார்த்துக்கொண்டே கரண்டியோடு நின்றாள். விமான நிலையத்தில் வராத அழுகை அவளுக்கு இப்போது ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்கிற பொறுமையும் எனக்கு இல்லை. அவ்வளவு பேர் எதிரில் அழாமல் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன், கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாரே என்று தாத்தாவின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.